படம் ஆடாமல் பிடித்தவள்

1

கொழும்பிலிருந்து நான் திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. வந்த மறுநாளே வேலை. இங்கே பலெர்மோவில் நான் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோராவுக்கு எண்பத்தெட்டு வயது. வீட்டுக்கார அம்மாவை, வயது வந்த பெண் யாரையும், இத்தாலியில் அப்படித்தான் கூப்பிடுவது. வீடு நாலாம் மாடி, லிப்ட் இல்லை. காலையில் அவரை எழுப்பி இருத்தி, முகம் துடைத்து, தலை சீவி, கோப்பி வைத்துக் கொடுக்க எட்டு மணியாகும். எட்டு மணிக்கு அவருடைய மகள் மிலானிலிருந்து போன் எடுப்பாள். தாயும் மகளும் முதல் ஐந்து நிமிடம் சண்டை பிடிப்பார்கள். மருந்து, கால் வீக்கம், பக்கத்து வீட்டுக்காரியின் நாய். பிறகு வைக்கும்போது மகள் சொல்வாள்: "தி வோல்யோ பேனே, மம்மா." தாயும் அதையே திருப்பிச் சொல்வார். உன்னில் எனக்கு அன்பு என்று அர்த்தம். சண்டை பிடித்த நாளிலும் சொல்வார்கள், பிடிக்காத நாளிலும் சொல்வார்கள்.

வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. போன் வைக்கும்போது சொல்கிற சொல் என்றுதான் நினைத்தேன். நாங்கள் "சரி, வைக்கிறன்" என்று சொல்வதைப்போல. ஒருநாள் விசாக் கடதாசி விஷயமாக ஒரு கந்தோருக்குப் போன் எடுத்து, திகதி கேட்டு எழுதிக்கொண்டு, வைக்கும்போது அந்த உத்தியோகத்தருக்கும் அதைச் சொல்லிவிட்டேன்.  அந்த மனிதன், இருபது வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன், இப்படி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை என்றான்.

அர்த்தம் தெரிந்த பிறகும் நான் சொல்கிறேன். சிஞ்ஞோராவுக்கு ராத்திரி போர்வை இழுத்துவிடும்போது சொல்வேன். வாயில் வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் என் தம்பி சூசைக்கு, அவன் உயிரோடு இருந்த ஐம்பத்தெட்டு வருடத்தில், தமிழில் நான் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. அவனும் எனக்குச் சொன்னதில்லை. "சாப்பிட்டியா?" "ஓம்." "கால் எப்படி?" "இருக்கு." "சரி அக்கா, வைக்கிறன்." ஞாயிறு தோறும் இருபத்திரண்டு வருடம் இதைத்தான் கதைத்தோம்.

சூசையின் முதலாம் ஆண்டுப் பூசைக்குத்தான் இந்தமுறை கொழும்பில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். போன இடத்தில் வீட்டுக்கு வீடு தாய்மார் ஒரே கதைதான் சொன்னார்கள். பிள்ளை கம்பஸ் போகிறது, நல்ல மார்க்ஸ், ஆனால் வாய் திறப்பதில்லை, முழு நேரமும் போனுக்குள்தான் இருக்கிறது, சந்தோஷமா கவலையா என்று முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. எனக்கு எல்லாப் பிள்ளைகளையும் பற்றித் தெரியாது. ஒரு பிள்ளையைப் பற்றித் தெரியும். என் தம்பியின் மகள் நிரோ. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை அச்சில் போடுகிறவர்கள், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். வசனத்தில் கை வைக்க வேண்டாம். இன்னொன்று, பிள்ளை திருந்திய கதை என்று நினைத்து வாசிக்க வேண்டாம். அவள் இப்போதும் போனோடுதான் இருக்கிறாள்.

2

நாங்கள் மூன்று பேர். அண்ணன் கனடாவில். நடுவில் நான். எனக்குக் கீழே எட்டு வயது இளையவன் சூசை. அம்மா செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தை நான் அதற்கு முன்பே விட்டிருந்தேன். கொச்சிக்கடைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் பக்கெற் ஒட்டும் வேலைக்குப் போனது கொஞ்சம் பிந்தி. வாசிக்கப் பழகியது செபப் புத்தகத்தில். எழுதப் பழகியது ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து. ஆனால் சம்பளத் தாளில் ஒருநாளும் நான் பெருவிரல் வைத்ததில்லை. என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் மை தொட்டு விரல் வைப்பார்கள். நான் பேனையைக் கேட்டு வாங்கி, பிலோமினா என்று நாலு எழுத்தையும் எழுதிக் கீழே ஒரு கோடும் இழுப்பேன். கங்காணி பொறுமை இழந்து நிற்பான். நிற்கட்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் வேதக்கார வீடுகள் பலவற்றிலும் இருந்ததுதான். ராத்திரிச் செபமாலை முடிந்ததும் சின்னவர்கள் ஒவ்வொருவராகப் பெரியவர்களிடம் போய், "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்று சொல்ல வேண்டும். பெரியவர் பெருவிரலால் அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒரு சிலுவை போடுவார். அவ்வளவுதான். பின்னேரம் அடி வாங்கியிருந்தாலும் போய் நிற்க வேண்டும். அடித்தவரும் போட வேண்டும். கோபம் தீர்ந்ததா, மன்னித்தாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. விரல் நெற்றியில் பட்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

சூசை அதை விடவில்லை. துறைமுகத்தில் கயிறும் இரும்பும் பிடித்த கை. நிரோ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, அப்பாவின் விரல் அரத்தைப்போல என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள் என்று அவன் மனைவி ரீற்றா போனில் சொல்லிச் சிரிப்பாள். கம்பஸ் போகத் தொடங்கிய பிறகும் அவளுக்கு அது நடந்தது. காதில் வயரைச் செருகிக்கொண்டு, ஒரு கையில் போனோடு வந்து நெற்றியை மட்டும் நீட்டுவாளாம். அவனும் போட்டுவிட்டு, "போ" என்பானாம்.

இந்தச் சிலுவை எப்போதும் மேலிருந்து கீழேதான் போகும். பெரியவர் சின்னவருக்குப் போடுவது. ஒரே ஒரு நாள் மட்டும் அது மாறும். பெரியவர் செத்துக் கிடக்கும்போது, பெட்டி மூடுவதற்கு முன்னால், பிள்ளைகள் அவர் நெற்றியில் போடுவார்கள். அது ஒருமுறைதான். பிறகு பெட்டி மூடிவிடும்.

3

சூசை வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் எழும்பவில்லை. எனக்குச் சொன்னபோது இங்கே ரொட்டி வாங்கும் வரிசையில் நின்றேன்.

வரவில்லையே என்று கொட்டாஞ்சேனையில் சிலர் கதைத்தது எனக்குத் தெரியும். வர முடியாமல் போனது எப்படி என்று சொல்கிறேன். என் வதிவிடக் கடதாசி முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்து, விரல் அடையாளம் எடுக்கத் திகதி தந்திருந்தார்கள். அந்தத் திகதி, அடக்கம் நடக்கும் அதே நாள். அதை விட்டால் இன்னொரு திகதிக்கு எத்தனை மாதமோ. கடதாசி இல்லாமல் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. இரண்டு ராத்திரி யோசித்தேன். பிறகு அண்ணன் கனடாவிலிருந்து சொன்னார், தானும் போகவில்லை, நிரோ வீடியோவில் காட்டுவாள், அதில் பார்ப்போம் என்று.

ஆகவே தம்பியின் அடக்கத்தை நான் பார்த்தது விரல் அடையாளம் எடுக்கும் மண்டபத்தில் இருந்துகொண்டு. பிளாஸ்ரிக் கதிரை. கையில் நம்பர் துண்டு. பக்கத்தில் ஒரு ஆபிரிக்கத் தாய், மடியில் குழந்தை. அங்கே பின்னேரம், எனக்குப் பகல் பதினொரு மணி. போனுக்குள் எங்கள் முன்விறாந்தை தெரிந்தது. வெள்ளைத் துணி, மெழுகுதிரி, பெட்டி, ரீற்றாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பெண்கள். அதே வீடியோவில் அண்ணன் ஒரு சின்னச் சதுரத்தில், லண்டனிலிருந்து அவர் மகன் இன்னொரு சதுரத்தில்.

படம் தெளிவாக இருந்தது. நிரோ நன்றாகப் பிடித்தாள். அண்ணன் அவளை, அங்கே போ, இங்கே போ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சொன்னேன். இன்னும் கிட்டக் கொண்டு போகச் சொன்னேன். முகத்தைக் காட்டச் சொன்னேன். காலைக் காட்டச் சொன்னேன், அவனுக்கு இடது காலில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது, அதை ஏன் பார்க்க நினைத்தேனோ தெரியாது, சப்பாத்துப் போட்டிருந்தார்கள். நாங்கள் சொன்னதெல்லாம் அவள் செய்தாள்.  பெட்டி மூடும்போது மிகக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினாள்.

சேமக்காலைக்குப் போய்ச் சேர்ந்து குழியடியில் இறக்கும்போது என் நம்பரைக் கூப்பிட்டார்கள். போனைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

மேசையில் இருந்தவன் கண்ணாடியில் விரலை வைக்கச் சொன்னான். வைத்தேன். மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னான். எடுக்கவில்லை. ஈரமாக்கி வைக்கச் சொன்னான். இருபத்திரண்டு வருடம் சோடாக்காரமும் குளோரினும் தொட்ட விரல், ரேகை எங்கே இருக்கப்போகிறது? கையெழுத்துப் போடுகிறேன், பேனை தா என்றேன். அது பிறகு, சிஞ்ஞோரா, முதலில் விரல் என்றான். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் இங்கே பெருவிரல்தான். கடைசியில் அவனே என் விரலைப் பிடித்து அழுத்தி, ஒவ்வொன்றாக எடுத்து முடித்தான். வெளியே வந்து போனை எடுத்துப் பார்த்தேன். வீடியோ நின்றிருந்தது. எல்லாம் முடிந்திருந்தது.

அன்று பின்னேரம் சிஞ்ஞோரா, ஏன் இன்றைக்கு இப்படி அடுப்பைத் துடைக்கிறாய், பூச்சு உரிந்துவிடப் போகிறது என்றார்.

4

ஒரு வருடம் கழித்துப் புதுக் கடதாசியோடு நான் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது வீட்டில் ரீற்றா தனியே இருந்தாள். முப்பத்தோராம் நாள் செபம் முடிந்த கிழமையே நிரோ வெள்ளவத்தையில் அறை எடுத்துப் போய்விட்டாள். படிக்கிறதுக்கு வசதி என்றாளாம். கொட்டாஞ்சேனையிலிருந்து கம்பஸுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். ரீற்றாவுக்கு அது விளங்காமலா இருக்கும்?

முதல் நாளே சொல்லிவிட்டாள். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் சொன்னாள்.

"ஆண்டுப் பூசைக்கு வரமாட்டாளாம், மச்சாள்."

"ஏனாம்?"

"ஏனெண்டு சொன்னாத்தானே. மெசேஜ்தான் வந்தது. 'ஐ காண்ட் கம்.' அவ்வளவுதான். நான் எடுத்தா போனத் தூக்குறாளில்ல. ஆனா பச்சை லைற் எரியுது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எரியுது. எனக்குத் தெரியும், நானும் பாத்துக்கொண்டுதானே படுத்திருக்கிறன்."

பிறகு மற்றதைச் சொன்னாள். தகப்பன் செத்ததற்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. பெட்டியடியிலும் போனோடு நின்ற பிள்ளை என்று ஒழுங்கை முழுக்கக் கதைக்கிறார்கள். ஒரு வீட்டில் மகளை ஏசும்போது, சூசையின் மகளைப்போல ஆகப்போகிறாயா என்று கேட்டார்களாம். இனி பூசைக்கும் வராவிட்டால் அந்த முகத்தோடு தான் கோயிலுக்குள் எப்படிப் போவது என்றாள். தகப்பனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் வராத பிள்ளை தன்னிடம் மட்டும் வருமா என்றும் கேட்டாள். அதுதான் அவளுடைய உண்மையான பயம் என்று நான் நினைக்கிறேன். புருஷன் போனது ஒன்று. பிள்ளையும் போய்விட்டதோ என்பது மற்றது.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் கோபம்தான் வந்தது. பெட்டியடியிலும் போன் என்று அவள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அந்தப் போனின் மறுபக்கம் இருந்தது யார் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் வெள்ளவத்தைக்குக் கிளம்பினேன். ரீற்றா காலையிலேயே எழும்பி மீன் கட்லட் பொரித்திருந்தாள். பெட்டியில் போட்டுக் கட்டித் தந்துவிட்டு, தான் தந்தது என்று சொல்ல வேண்டாம் என்றாள்.

"பின்ன ஆர் தந்தது எண்டு சொல்ல?"

"கடையில வாங்கினது எண்டு சொல்லுங்கோ."

5

புறக்கோட்டையில் பஸ் மாறி, காலி வீதியில் இறங்கி, ஒழுங்கை பிடிபடாமல் ஒரு ஆட்டோ பிடித்தேன். கடல் பக்கம் போகிற ஒழுங்கை. "மல்லி, மெதன ஹொந்தய்" என்று சொல்லி இறங்கினேன். இவ்வளவு காலம் கழித்தும் தம்பி, இங்கே நிறுத்து என்கிற அளவுக்குச் சிங்களம் வாயில் இருக்கிறது.

மூன்றாம் மாடி. அறையில் நிரோவும் துளசி என்று ஒரு யாழ்ப்பாணப் பிள்ளையும். துளசி கடைசி வருடம். துறுதுறுவென்று பேசுகிறவள், கதவைத் திறந்ததும் அன்ரி வாங்கோ என்று கட்டிலில் கிடந்த உடுப்பையெல்லாம் கையால் தள்ளி இடம் பண்ணினாள். நிரோ எழும்பி வந்து என் கன்னத்தில் கன்னம் வைத்தாள். மெலிந்திருந்தாள். பிறகு போய்ச் சுவரோடு சாய்ந்து இருந்து போனை எடுத்தாள். பெருவிரல் மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு படம் வரும், அது என்னவென்று நான் பார்ப்பதற்குள் போய்விடும். அவளும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கட்லட் பெட்டியைக் கொடுத்தேன். திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"கடையில வாங்கினது" என்றேன்.

"அம்மா மிளகு கூடப் போட்டிருக்கிறா" என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே. ஐந்து கட்லட் சாப்பிட்டாள்.

பேச வந்ததை எப்படித் தொடங்குவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது துளசிதான் அந்தத் தாள்களை எடுத்தாள். படிப்பு முடிக்க அவள் ஒரு ஆய்வு எழுத வேண்டுமாம். கம்பஸ் பிள்ளைகள் மனதில் இருப்பதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள், போனை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று. அதற்குக் கேள்வித்தாள்.

"எல்லாரும் நிரப்பித் தந்திட்டினம் அன்ரி. உங்கட மருமகள் மட்டும் ரெண்டு கிழமையா மேசையில போட்டுக் கருவாடு காயவைக்கிற மாதிரிக் காயவைக்கிறா."

நிரோ கட்லட் பெட்டியை மூடினாள்.

"நீங்க நிரப்புங்கோ அன்ரி, சும்மா ஒரு பகிடிக்கு."

கம்பஸ் தாள் எனக்குச் சரிவராது, நான் மூன்றாம் வகுப்பு என்றேன். தான் வாசிப்பதாகவும் நான் பதில் சொன்னால் போதும் என்றும் சொன்னாள். முக்கால்வாசிக் கேள்விக்கும் மூன்று பதில்தான். ஒருநாளும் இல்லை, இடைக்கிடை, எப்பவும்.

முதல் கேள்வி, மனதில் உள்ளதை வார்த்தையில் சொல்வது எனக்குக் கடினம்.

மனதில் இருக்கிறதெல்லாம் சொல்லவா இருக்கிறது என்று கேட்டேன். அப்படியென்றால் எப்பவும் என்று போடவா என்றாள். போடு என்றேன்.

எனக்கு வருகிறது கவலையா கோபமா என்று எனக்கே தெரிவதில்லை. அதற்கு நான் கொஞ்சம் யோசித்தேன். இடைக்கிடை.

கவலை வந்தால் போனை எடுத்துப் பார்ப்பேன்.

"கவலை வந்தா நான் அடுப்பத் துடைப்பன்."

"அதுக்கு இதில கோடு இல்லை, அன்ரி."

"அப்ப நீ கீறு ஒண்டு."

துளசி சிரித்தாள். நிரோவின் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது. பெருவிரல் நிற்கவில்லை. இப்படியே கேட்டுக்கொண்டு போக எனக்கு ஒன்று விளங்கியது. அந்தத் தாளில் கம்பஸ் பிள்ளைகளுக்கு என்ன வருத்தம் என்று தேடுகிறார்களோ, அது எனக்கும் இருக்கிறது. சூசைக்கும் இருந்தது. கடையில் வாங்கியது என்று சொல்லச் சொன்ன ரீற்றாவுக்கும் இருக்கிறது. எங்கள் நெற்றியில் ஒரு விரல் பட்டுக்கொண்டு இருந்தபடியால் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

துளசி அடுத்ததை வாசித்தாள். கடைசியாக நீங்கள் அழுதது எப்போது?

 எண்ணிப் பார்த்தேன், எப்போது என்று எனக்கே தெரியவில்லை. துளசி பேனையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு பேச்சை மாற்றுகிறவளைப்போல நிரோவின் பக்கம் திரும்பி, நீயாவது சொல்லன் என்றாள்.

நிரோ போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிறவளின் குரலில் சொன்னாள்.

"எனக்கு அழ வேணாம் எண்டு சொன்னது மாமிதான். அழாத பிள்ளை, படம் ஆடுது எண்டு சொன்னீங்க."

துளசி தாளை மடித்தாள். தேத்தண்ணி போடுகிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

நான் சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அந்தப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு, பக்கத்தில் குழந்தையோடு அந்தத் தாய் பார்க்க, என் தம்பியின் முகம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஒருமுறை அசைந்திருக்கும். அது தெளிவாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. அந்தக் கையின் சொந்தக்காரிக்கு இருபது வயது என்பதும் கிடந்தவன் அவளுடைய தகப்பன் என்பதும் எனக்குத் தெரியாமலா? தெரியும். தெரிந்துகொண்டுதான் சொல்லியிருப்பேன்.

கீழே ரயில் போனது. கட்டில் அதிர்ந்தது. போன பிறகு அவள் தானாகவே சொன்னாள்.

"பெரியப்பா இப்பவே மெசேஜ் போட்டிட்டார். போன முறை மாதிரி வடிவாப் பிடிக்கட்டாம். கல்லறையக் காட்டட்டாம்." பெருவிரல் தள்ளிக்கொண்டே இருந்தது. "பெட்டி மூடேக்க நான் கிட்டத்தான் நிண்டனான், மாமி. ஆனா நான் பாத்தது போனுக்குள்ளதான். எல்லாரும் சிலுவை போட்டவை. என்ர கையில போன் இருந்தது."

நான் கட்லட் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினேன்.

"அதுக்குப் பிறகு இதக் கீழ வச்சிட்டா கை ரெண்டும் என்னவோ மாதிரி இருக்கு. எங்க வைக்கிறது எண்டு தெரியேல்ல. அதான் எடுக்கிறன். என்ன பாக்கிறன் எண்டு கேட்டா, ஒண்டும் ஞாபகம் இல்லை."

இந்த இடத்தில் ஒரு நல்ல மாமி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். சிஞ்ஞோராவின் மகள் என்றால் மூன்று தரம் சொல்லிக் கட்டிப் பிடித்திருப்பாள். அறுபத்தேழு வயதில், நான் தூக்கி வளர்த்த தம்பியின் பிள்ளையிடம், அதுவும் தமிழில், என் வாய் திறக்கவில்லை. கட்லட் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். துளசி தேத்தண்ணிக் கோப்பையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுவி முடித்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து சொன்னேன்.

"போன நான் பிடிக்கிறன். நீ வா."

அவள் முதல்முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமிக்குப் பிடிக்கத் தெரியாது. விரல் கமராவ மூடும்."

"காட்டித் தா."

பின்னேரம் கடற்கரை வீதிக்குப் போனோம். அவள் காட்டித் தந்தாள். ஒரு கையால் பிடிக்கக் கூடாது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பெருவிரலைக் கீழே மடக்க வேண்டும். நடக்கும்போது முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் படம் ஆடாது. இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கடலைக் காட்டிப் பழகினேன். என் பெருவிரல் எல்லாப் படத்திலும் வந்தது. அவள் ஒருமுறை சிரித்தாள். வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

6

பூசை காலை ஆறரைக்கு. பாதர் செத்தவர்களின் பெயர்களை வாசிக்கும்வரை ரீற்றா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காணிக்கை எடுக்கும் நேரத்தில் நிரோ வந்து கடைசி வாங்கில் இருந்தாள். தலைமயிர் ஈரம். கையில் போன். ஒழுங்கைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். ரீற்றா திரும்பவில்லை, ஆனால் அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

சேமக்காலைக்கு ஆட்டோவில் போனோம். தாயும் மகளும் இரண்டு பக்கம், நடுவில் நான்.  நிரோவின் பெருவிரல் தள்ளிக்கொண்டே வந்தது. இறங்கும்போது போன் அடித்தது. அண்ணன்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கி, விரலை மடக்கி, முழங்கையை ஒட்டிக்கொண்டேன். அண்ணன் சதுரத்துக்குள் கம்பளித் தொப்பியோடு இருந்தார். லண்டன் மகனும் வந்துவிட்டான். என்ன பிலோ, நீயா, நிரோ எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன்.

கல்லறையில் புல் வெட்டியிருந்தது. சீமெந்துப் பலகையில் சூசையின் பெயர் கறுப்பில். ரீற்றா மெழுகுதிரி கொளுத்தினாள், காற்றுக்கு அணைந்தது, திரும்பக் கொளுத்தினாள். பூ வைத்தாள். செபம் சொன்னோம். நிரோ கொஞ்சம் தள்ளி நின்றாள். கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருமுறை பின்னால் கட்டினாள், ஒருமுறை முன்னால் கட்டினாள், சட்டையில் துடைத்தாள். அவளைப் பார்க்க, முதல்நாள் பள்ளிக்கூட வாசலில் விட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

அண்ணன், பெயரைக் கிட்டக் காட்டு என்றார். நான் காட்டினேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். வந்து குந்தினாள். பலகையில் பெயருக்கு மேலே, நெற்றி என்று எதை நினைத்தாளோ அந்த இடத்தில், பெருவிரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். பிறகு குறுக்கே. மெதுவாக இழுத்தாள். விரலை எடுக்கவில்லை. "சர்வேசுரனுக்கு" என்று தொடங்கினாள். மற்றச் சொல் வரவில்லை. வேறு ஒரு சத்தம் வந்தது. ரீற்றா மெழுகுதிரியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள்.

"பிலோ, கையை ஆட்டாத" என்றார் அண்ணன். "படம் ஆடுது."

"ஆடட்டும், அண்ணை" என்றேன்.

போனை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.